கையைப் பின்னால் கட்டுங்கள்

யானைக்கும் அடி சறுக்கும் என்று எனக்கு ஆறுதல் சொன்னவர்கள் ஏராளம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அதைக் கேட்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. யானை சறுக்கினால் ஊரே கூடித் தூக்கும். நான் எங்கள் வீட்டு பாத்ரூமில் சோப்புத் தண்ணீரில் சறுக்கி விழுந்தபோது என் வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் குறைக்கவே கொஞ்ச நேரம் ஆனது. இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. சென்னையில் ஆபரேஷன் செய்து, உள்ளே கம்பி வைத்து, பொன்னேரியில் எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கினார்கள். அப்போது எனக்கு அறுபத்தைந்து தாண்டியிருந்தது.

வீட்டுக்காரரைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு இரும்பு மில்லில் வெல்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். உலகத்தில் எந்தக் கஷ்டத்துக்கும் இரும்பில் மருந்து உண்டு என்று நம்புகிறவர். கதவு ஆடினால் இரும்பு, முருங்கை மரம் சாய்ந்தால் இரும்பு. என் எக்ஸ்ரேயைக் காட்டி டாக்டர் அவ்வளவு பொறுமையாக விளக்கியபோது இவர் கேட்ட ஒரே கேள்வி, "உள்ள வச்சிகீற கம்பி இன்னா கிரேடு சார்?" என்பதுதான். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய நாலுகால் வாக்கரை இவர் ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார். "அலுமினியம். ஊதுனா பறந்துரும்" என்று மூலையில் சாத்திவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மில்லில் கூட வேலை செய்த இரண்டு பேரை வரவழைத்தார். நாஷ்டா முடிந்ததும் ஆரம்பித்தார்கள். சுவரில் துளை போடும் சத்தம், வெல்டிங் பொறி, பெயிண்ட் நாற்றம். பொழுது சாய்வதற்குள் கட்டிலிலிருந்து பாத்ரூம், பாத்ரூமிலிருந்து சமையலறை, அங்கிருந்து வாசல் கேட் வரை இடுப்பு உயரத்துக்கு இரும்பு பைப்பு ஓடியது. போதாததற்கு மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை அடித்திருந்தார்கள். மில்லில் ஆபத்தான இடத்துக்கு அப்படித்தான் அடிப்பார்களாம்.

எதிர் வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "இன்னாக்கா இது, ஊடா மேம்பாலமா?" என்றாள். அவளுக்கு வாய் அதிகம். ஆனால் மறுநாளே மழை வந்தபோது அவள் வீட்டுத் துணியெல்லாம் எங்கள் பைப்பில்தான் காய்ந்தது.

உண்மையைச் சொன்னால் எனக்கு அந்தப் பைப்பு ரொம்பவும் பிடித்துப்போயிற்று. விழுந்தவளுக்குத்தான் தெரியும் விழுகிற பயம். தரை என்று ஒன்று இருக்கிறது, அது எந்த நேரமும் என்னைக் கூப்பிட்டுக்கொள்ளும் என்ற நினைப்பு நெஞ்சிலேயே இருக்கும். பைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டால் அது போய்விடும். பிடித்தபடியே சமைத்தேன், பிடித்தபடியே சாமி கும்பிட்டேன். ஒரு கையால் கும்பிட்டால் சாமி கோபித்துக்கொள்ளவா போகிறது. என்ன, பைப்பு எங்கே முடிந்ததோ அங்கேயே நானும் முடிந்தேன். கேட்டுக்கு அந்தப் பக்கம் தெரு இருந்தது. நான் அதில் கால் வைக்கவே இல்லை.

அப்போதுதான் பிசியோதெரபிக்காரப் பெண் வந்தாள். அரசாங்க ஆஸ்பத்திரியிலிருந்து வாரா வாரம் ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போய், என்னைப்போல நடக்கத் தடுமாறும் வயதானவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவள். ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். அப்புறம் கழற்றிவிட்டு இன்னொரு முறை பார்த்தாள்.

"யார் அய்யா இதெல்லாம் போட்டது?"

"நாந்தாம்மா," என்றார் இவர் நெஞ்சை நிமிர்த்தி. "ஆன வந்து சாஞ்சாலும் அசையாது."

"யானை இருந்தா சரிதான். இங்க அம்மாதானே இருக்காங்க" என்றாள். என்னை நடக்கச் சொன்னாள். பைப்பைப் பிடித்து நடந்து காட்டினேன். வேகமாகத்தான் நடந்தேன், எனக்கே பெருமையாக இருந்தது. அவள் என் காலைப் பார்க்கவே இல்லை, கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க கையால நடக்கிறீங்கம்மா. கால் சும்மா கூட வருது" என்றாள்.

பாத்ரூமில் இருப்பதும் வாசற்படியில் இருப்பதும் இருக்கட்டும், மற்றதை எடுத்துவிடலாம், அதற்கு முன்னால் காலுக்குப் பலம் ஏற்றலாம் என்று பக்குவமாகத்தான் சொன்னாள். இவர் முகம் கறுத்துவிட்டது. அவள் போனதும், "இன்னிக்கு வந்த புள்ள, என் வெல்டிங்க அறுக்கச் சொல்லுது" என்று சாயங்காலம் வரை முணுமுணுத்தார். நானும் அவர் பக்கம்தான். எடுத்தால் விழுந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டேன். அவள் சொல்லிக்கொடுத்த பயிற்சியை அவள் வரும் அன்று மட்டும் செய்து ஒப்பேற்றினோம்.

என்னை மாற்றியவள் என் தோழி. அவளும் நானும் தொழிற்பேட்டையில் ஒரே கெமிக்கல் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் பக்கத்துப் பக்கத்து மேசை. அவள் மீஞ்சூரில் ஏறுவாள், நான் பொன்னேரியில் ஏறுவேன், கும்மிடிப்பூண்டி வரை லேடீஸ் பெட்டியில் ஒன்றாகப் போவோம். எனக்கு அவள் சின்னவள். நான் ரிட்டையர் ஆன பிறகும் அவள் அதே வண்டியில்தான் போய்க்கொண்டிருந்தாள்.

எங்கள் பெட்டிக்கு ஒரு வழக்கம் உண்டு. யாராவது ரிட்டையர் ஆனால் கடைசி நாள் காலையில் அவளை ஜன்னலோரம் உட்காரவைத்து மாலை போடுவோம். அந்த மாலையை யார் வேண்டுமானாலும் போட முடியாது. அவளுக்கு முன்னால் கடைசியாக ரிட்டையர் ஆனவள் வந்து, ஓடுகிற வண்டியில் போட வேண்டும். யார் ஆரம்பித்தார்களோ தெரியாது. எனக்குப் போட்டவள் அதற்காகவே சுள்ளூர்ப்பேட்டையிலிருந்து விடியற்காலையில் கிளம்பி வந்தாள். எனக்கு அப்புறம் எங்கள் கூட்டத்தில் ரிட்டையர் ஆகிறவள் என் தோழிதான்.

ஒரு ஞாயிறு அவள் எங்கள் வீட்டுக்கு வந்து, ரிட்டையர் ஆகிற தேதி வந்துவிட்டது என்று சொன்னாள். டீயைக் குடித்தபடி பைப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ வர முடியாது இல்லக்கா?" என்றாள்.

"ஏண்டி முடியாது?"

"கேட் வரைக்கும்தான பைப்பு கீது. ரயில் வரைக்குமா போடுவாரு மாமா?"

கிண்டலாகத்தான் கேட்டாள். ஆனால் கண் கலங்கியிருந்தது. வேறு யாராவது மாலை போட்டால் பரவாயில்லை என்றும் சொன்னாள். அவள் போனபின் எனக்கு அழுகை வந்துவிட்டது. முப்பது வருஷம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வந்தவள். அவளுக்கு நான் மாலை போடாமல் வேறு எவள் போடுவது? ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.

"யோவ், அந்த கட்டிங் மெஷினு எங்க கீது?"

அடுத்த முறை பிசியோப் பெண் வந்தபோது விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கேட்டாள். வண்டி எவ்வளவு நேரம் நிற்கும், படி எவ்வளவு உயரம், உள்ளே பிடிக்க என்ன இருக்கும், மாலை போடும்போது எத்தனை கை வேண்டும். கடைசிக் கேள்விக்குத்தான் நான் யோசித்தேன். மாலைக்கு இரண்டு கையும் வேண்டும். ஓடுகிற வண்டியில் எதையும் பிடிக்காமல் நிற்க வேண்டும்.

"சரி, அதுக்கே பழகுவோம்" என்றாள்.

அன்றிலிருந்து என் வீடு பள்ளிக்கூடமானது. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்கார வேண்டும். கேட்பதற்குச் சின்ன விஷயம், செய்து பார்த்தால் உயிர் போகும். சமையல் மேடை ஓரமாக நின்று குதிகாலைத் தூக்கி இறக்க வேண்டும். ஒரு காலுக்கு முன்னால் இன்னொரு காலை வைத்து அசையாமல் நிற்க வேண்டும். பக்கவாட்டில் நண்டு மாதிரி நடக்க வேண்டும். தொடையெல்லாம் வலித்தது. அவளிடம் சொன்னால், "வலிக்குதா, அப்ப கால் இருக்குன்னு அர்த்தம்மா" என்பாள். மூட்டுக்குள் குத்துகிற வலி வந்தால் மட்டும் உடனே நிறுத்தச் சொல்லியிருந்தாள்.

தொல்லை என் காலில் இல்லை, இவர் கையில் இருந்தது. நான் லேசாக ஆடினால் போதும், பாய்ந்து வந்து என் தோளைப் பிடித்துவிடுவார். "அய்யா, பிடிக்காதீங்க. பக்கத்துல நில்லுங்க, கையைப் பின்னால கட்டுங்க" என்று அந்தப் பெண் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள். கட்டுவார். நான் ஆடினால் கை தானாக அவிழ்ந்து முன்னால் வந்துவிடும். ஒருநாள் அவள், எனக்கென்று கொண்டுவந்து கொடுத்திருந்த ஊன்றுகோலை எடுத்து, இவர் முதுகுக்குப் பின்னால் இரண்டு கைக்கும் கொடுத்தாள். "இதைப் பத்திரமா பிடிச்சிருங்க. அம்மா நிஜமா விழுந்தா மட்டும் கீழ போடுங்க." வேலை என்று ஒன்றைக் கொடுத்தால் இவர் சரியாகச் செய்வார். அன்றிலிருந்து நான் பயிற்சி செய்தால் இவர் பின்னால் கோலைப் பிடித்துக்கொண்டு போலீஸ்காரர் மாதிரி நிற்பார்.

எனக்குக் கால் நிற்க நிற்கப் பைப்பும் போனது. முதலில் கட்டில் ஓரம், அப்புறம் கூடம். இவரே அறுத்தார். ஒவ்வொரு துண்டு விழும்போதும் பெண்ணைக் கட்டிக்கொடுத்த தகப்பன் முகம். அறுத்த பைப்பை என்ன செய்வது என்று கொஞ்ச நாள் யோசித்தவர், ஒருநாள் டேப்பை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். வண்டி வந்து நின்றதும் பிளாட்பாரத்துக்கும் பெட்டிக்கும் உயரம் அளந்திருக்கிறார். ரயில்வே போலீஸ்காரர் ஓடிவந்து, "இன்னா பெரியவரே, வண்டிய வாங்கப் போறியா?" என்று கேட்டாராம். "என் சம்சாரம் ஏறணும் சார்" என்று இவர் கதையைச் சொல்ல, அடுத்த வண்டிக்கு அந்தப் போலீஸ்காரரே டேப்பின் மறுமுனையைப் பிடித்தாராம்.

அந்த அளவில் பைப்பையும் தகட்டையும் வைத்துப் படி ஒன்று செய்தார். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிற மாதிரி மூன்று தட்டு. இன்று ஒரு தட்டு ஏறினால் பழகியபின் அடுத்த தட்டு. எல்லாம் அடுக்கினால் ரயில் படி. மஞ்சளும் கறுப்பும் பட்டை அடிக்க மறக்கவில்லை. பிசியோப் பெண் அதன்மேல் தானே ஏறி இறங்கிப் பார்த்து, "இப்படி ஒண்ணு நான் கேட்டிருந்தாலும் கிடைச்சிருக்காது அய்யா" என்றாள். இவருக்கு அன்று முழுவதும் கால் தரையில் படவில்லை.

கடைசிப் பாடம் மாலை. ஜமுக்காளத்தைத் தடியாக மடித்துப் போட்டு அதன்மேல் நிற்கச் சொன்னாள். கால் அமுங்கும், உடம்பு ஆடும், வண்டி ஆடுகிற மாதிரியே இருக்கும். காலை அகட்டி வைத்து, முட்டியைக் கொஞ்சம் தளர்த்தி, ஒரு துண்டை இரண்டு கையாலும் தூக்கி எதிரே நிற்கிறவர் கழுத்தில் போட வேண்டும். எதிரே நிற்க வேறு யார் இருக்கிறார்கள்? தினமும் காலையில் இவர் கையைப் பின்னால் கட்டி, கோலைப் பிடித்து, தலையைக் குனிந்து நிற்பார். நான் துண்டை மாலையாகப் போடுவேன். எதிர் வீட்டுக்காரி இதைப் பார்த்துவிட்டாள். "அக்கா, எத்தினி வாட்டிதான் கட்டிக்குவீங்க? ஒரு வாட்டியாவது பிரியாணி போடக் கூடாதா?"

"அவருக்கு வெக்கம்டி" என்றேன். இவர் நிஜமாகவே வெட்கப்பட்டார்.

அந்தப் பெண் இவரையும் விட்டுவைக்கவில்லை. "அய்யா, நீங்களும் கூடச் செய்யலாமே" என்பாள். மில்லில் வருஷக்கணக்காகக் குந்தியும் மண்டியிட்டும் இவருடைய முட்டி தேய்ந்து கிடந்தது. நாற்காலியை விட்டு எழும்போது இரண்டு கையையும் ஊன்றி, "யப்பா" என்று ஒரு சத்தம் கொடுப்பார். ஆனாலும், "நான் இன்னா பேஷண்டாம்மா? இவளுக்குப் பாருங்க, போதும்" என்று தட்டிக்கழித்துவிடுவார்.

அந்தக் காலை வந்தது. முதல் நாளே சொல்லிவைத்த மாலையைப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டேன். ஆட்டோவில் ஸ்டேஷனுக்குப் போய் இறங்கி, கோலை ஊன்றி லேடீஸ் பெட்டி வந்து நிற்கும் இடத்தில் நின்றேன். நான் ஏறியதும் இவர் பக்கத்துப் பெட்டியில் ஏறிக்கொள்வதாக ஏற்பாடு. கால் நடுங்கியது என்று சொன்னால் அந்தப் பெண் கோபித்துக்கொள்வாள், நடுங்கியது மனசுதான்.

வண்டி வந்தது. வாசலில் தோழி நின்றுகொண்டிருந்தாள், அவளுக்குப் பின்னால் பெட்டியே நின்றது. ஏழெட்டுக் கை நீண்டது. இறங்குகிறவர்கள் இறங்கட்டும் என்று காத்திருந்தேன். "போமே" என்றார் இவர். வீட்டில் செய்கிற மாதிரியே கோலைப் பின்னால் நீட்டினேன், இவர் வாங்கிக்கொண்டார். வாசல் கம்பியைப் பிடித்தேன், நல்ல காலை மேலே வைத்தேன், மூச்சை விட்டு எழும்பினேன். நீண்ட கை ஒன்றையும் நான் தொடவில்லை. பெட்டிக்குள் நின்றிருந்தேன்.

விசில், கைதட்டல், யாரோ என்னைக் கட்டிக்கொண்டார்கள். வண்டி நகர்ந்தது. திரும்பிப் பார்த்தேன். பிளாட்பாரத்தில் இவர் கையைப் பின்னால் கட்டி, என் கோலைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக நின்றிருந்தார். பக்கத்துப் பெட்டி நினைவே இல்லை. நினைவு வந்தபோது வண்டி வேகமெடுத்துவிட்டது. "குச்சி, குச்சி" என்று கோலைத் தூக்கிக் காட்டினார். ஓட நினைத்து ஓரெட்டு வைத்தவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டதையும் பார்த்தேன்.

"அய்யோ, குச்சி இல்லாம இன்னாக்கா பண்ணுவ?" என்றாள் தோழி.

"முதல்ல நீ போய் ஜன்னலாண்ட குந்து" என்றேன்.

கவரைப்பேட்டை தாண்டியதும் வண்டி ஒரு சீரான ஆட்டத்துக்கு வந்தது. மாலையை எடுத்தேன். காலை அகட்டினேன், முட்டியைத் தளர்த்தினேன். இரண்டு பக்கமும் நின்ற பெண்கள் என்னைப் பிடிக்க வந்தார்கள். "எல்லாரும் கையைப் பின்னால கட்டுங்க" என்றேன். பெட்டி மொத்தமும் கட்டிக்கொண்டது. கம்பியை விட்டேன். வண்டி ஆடியது, நானும் கூடவே ஆடினேன். ஜமுக்காளம்தான் இது என்று சொல்லிக்கொண்டே மாலையைத் தூக்கி அவள் கழுத்தில் போட்டேன். அவள் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்படியொரு சந்தோஷம் நான் ரிட்டையர் ஆன அன்றுகூட வரவில்லை.

கும்மிடிப்பூண்டியோடு வண்டி நின்றுவிடும், அவசரம் இல்லை. கூட்டம் இறங்கியபின், கம்பியைப் பிடித்து, பக்கவாட்டில் திரும்பி, ஆபரேஷன் காலை முதலில் இறக்கினேன். தோழி எதிரே கையைப் பின்னால் கட்டி நின்றாள். என்னைப் பிளாட்பாரத்துப் பெஞ்சில் உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்தாள். "கெளம்புடி, கம்பெனி பஸ் போயிரும்" என்றேன். "கடைசி நாள்ல லேட்டா போனா இன்னா, வேலைய விட்டா தூக்கிருவான்?" என்று சொல்லிவிட்டு, கழுத்து மாலையோடு நடந்து போனாள்.

டீ ஆறி, வெயில் பெஞ்சுக்கு வந்த பிறகு அடுத்த வண்டி வந்தது. எல்லாரும் இறங்கிப் போனபின் கடைசியாக இவர் இறங்கினார். கோலை என்னிடம் கொண்டுவந்து கொடுக்க வருகிறார் என்றுதான் நினைத்தேன். இல்லை. அதை ஊன்றிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு அடிக்கும் முகம் சுளித்தது. இவ்வளவு நாளும் இவர் எனக்குப் பின்னால் நின்றதால் இவர் நடப்பதை நான் சரியாகப் பார்க்கவே இல்லை.

"போட்டியா மே, மாலைய?" என்றார்.

"போட்டேன்யா."

"இந்தா, குச்சி" என்று நீட்டினார். நீட்டியதும் லேசாக ஆடினார்.

"நீயே வச்சிக்க. நாளைலர்ந்து நாற்காலிப் பயிற்சி உனக்கு. அந்தப் பொண்ணு வந்தா நானே சொல்றேன்."

மறுத்துப் பேச வாயைத் திறந்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கோலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நான் பெஞ்சில் கையை ஊன்றாமல் எழுந்தேன். இருவரும் பிளாட்பாரத்தில் நடந்தோம். இவர் கோலை ஊன்றி மெல்ல வந்தார், நான் பக்கத்திலேயே நடந்தேன். ஓரிடத்தில் இவர் கால் தட்டியது. என் இரண்டு கையும் பாய்ந்து முன்னால் போனது. நடுவழியில் நிறுத்தி, பின்னால் கட்டிக்கொண்டேன்.